காதா? கணக்கா?

வீட்டுக்குப் புதிதாக ஒரு பாட்டுப் பெட்டி வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால் போதும். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. "ஆயிரம் வாட் இல்லாவிட்டால் அது ஒரு பெட்டியா?" என்பான் கல்லூரிக்குப் போகிற பிள்ளை. "வாட்டில் என்ன இருக்கிறது? சூட்சுமமெல்லாம் கம்பியில் இருக்கிறது. ஒஸ்திக் கம்பியாகப் போட்டால்தான் ஸ்வரம் சுத்தமாக விழும்" என்பார் மைத்துனர். வீட்டுக்காரர் இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுவிட்டு, மூன்றாவதாகத் தாம் ஒரு தத்துவத்தை எடுத்து விடுவார். ராத்திரி பதினொரு மணி வரை விவாதம் நடக்கும். இத்தனை பேச்சுக்கும் நடுவே யாராவது ஒருவர், ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டாரா என்றால், அதுதான் இல்லை!

"எனக்கென்னவோ அந்தப் பழைய பெட்டியில்தான் வார்த்தை புரிகிறது" என்று அடுக்களையிலிருந்து நீங்கள் சொல்லிப் பாருங்கள். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்று பதில் வரும்.

சகோதரிகளே, தெரியாது என்று யார் சொன்னது? அப்பளம் பொரிகிற சத்தத்தைக் கொண்டே எண்ணெய் காய்ந்த பதத்தைச் சொல்கிறீர்கள். பக்கத்து அறையில் குழந்தை பசிக்கு அழுகிறதா, வீம்புக்கு அழுகிறதா என்று அழுகையிலேயே கண்டுபிடிக்கிறீர்கள். இத்தனை பழகிய காதுக்குப் பெட்டியின் குணம் மட்டும் தெரியாமல் போகுமா? வாங்கப் போவது ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியோ, ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியோ, போவது குடும்பப் பணம். ஆகையால் இந்த வழக்கைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்ப்போம். பேசித் தீர்ப்பதா, கேட்டுத் தீர்ப்பதா?

கல்லுப்பட்டியில் வாழ்ந்த கணக்கர்

விசாரணைக்கு முதலில் டி. கல்லுப்பட்டிக்குப் போவோம். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் சாலையில், வெயிலுக்கும் பருத்திக்கும் பேர்போன கரிசல் சீமையில் இருக்கிறது இந்த ஊர். பாட்டுப் பெட்டிக்கும் கல்லுப்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? பெட்டியோடு சம்பந்தம் கிடையாது. ஆனால் "பேசாதே, செய்து பார்!" என்ற கொள்கையோடு நிறையச் சம்பந்தம் உண்டு.

இங்கே 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் டாக்டர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி வருஷங்களைக் கழித்தார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்றவர். எண்களோடு விளையாடுவது அவர் தொழில். அப்பேர்ப்பட்டவர் 1929-ல் காந்திஜியைச் சந்தித்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? குஜராத்தில் மாதர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராய்வது. இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சர்க்கார் அறிக்கைகளைப் புரட்டவில்லை. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு, 50-க்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்தார். பிறகு 1934-ல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது அதன் காரியதரிசியானார். வார்தாவில் அந்தச் சங்கம் இருந்த மகன்வாடியில் செக்கு ஓடியது, நெல் குத்தினார்கள், கையால் காகிதம் செய்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும்படி 'மகன் தீபம்' என்று ஒரு விளக்கையும் செய்து ஏற்றிப் பார்த்தார்கள். குமரப்பா 1960 ஜனவரி 30-ம் தேதி காலமானார்.

அவர் கணக்கை வெறுத்தவர் அல்லர். கணக்கே அவருக்குச் சோறு போட்ட வித்தை. ஆனால் கணக்கு எங்கேயிருந்து புறப்பட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். முதலில் செக்கடிக்குப் போ, எண்ணெயைப் பார், அப்புறம் நோட்டுப் புத்தகத்தைத் திற. இந்த முறையைத்தான் நம்முடைய பாட்டுப் பெட்டி வழக்குக்கும் கடன் வாங்கப் போகிறோம்.

குழாயும் தவிலும்

கல்லுப்பட்டியை விட்டுப் போகுமுன் இன்னொரு காரியம். இந்த வட்டாரத்தில் ஏழு ஊர் கூடி எடுக்கும் அம்மன் சப்பரத் திருவிழா பிரசித்தமானது. திருவிழா என்றால் மைக் செட் இல்லாமலா? மதுரைச் சீமையில் குழாய் ஒலிபெருக்கியைக் கேட்டு வளராத குழந்தை உண்டா?

அந்தக் குழாயில் ஒரு விந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? நாகஸ்வரத் தட்டைப் போட்டால் அடுத்த ஊர் வரைக்கும் கணீரென்று கேட்கும். கூடவே வாசிக்கிற தவிலில் வலந்தலைச் சொற்கள் பொரிந்து தள்ளும். தொப்பியிலே கம்பால் அடிக்கிற 'தொம்' மட்டும் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். வாசித்தவர் பேரில் குற்றமா? இல்லை, குழாயின் சுபாவம் அது.

காரணத்தை அறிவியல் அழகாகச் சொல்கிறது. கனத்த, தாழ்ந்த சத்தத்தின் அலை மிக நீளமானது. வினாடிக்கு 100 தடவை அதிரும் சத்தத்தின் ஓர் அலை சுமார் 11 அடி. இரண்டடி வாயுள்ள குழாயால் 11 அடி அலையைச் சரிவர வெளியே தள்ள முடியாது. உயர்ந்த ஸ்வரங்களின் அலையோ குட்டையானது. ஆகவே குழாய் அதை வாரிக்கொண்டு போய் வயல்வெளியில் கொட்டிவிடுகிறது.

மைக் செட்காரர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்ப்பதில்லை. குழாயைக் கட்டியதும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் கூட்டத்தின் கடைசி வரை நடந்து போய்க் கேட்கிறார். வார்த்தை தெளிவாக இல்லையா? திரும்பி வந்து குழாயைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறார். காது முந்துகிறது, கணக்கு பின்னால் வந்து, "நீர் செய்தது சரிதான் ஐயா" என்று கையெழுத்துப் போடுகிறது.

ஒரு நூல் செய்த வேலை

கணக்கு எப்போதும் இவ்வளவு சமர்த்தாகக் கையெழுத்துப் போடும் என்று எண்ண வேண்டாம். சில சமயம் முரண்டு பிடிக்கும். அப்போது என்ன செய்வது? திருச்சியில் 1888-ல் பிறந்த ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அவர் சர் சி. வி. ராமன்.

ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றவர் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முன் பல வருஷங்கள் அவர் மனத்தை ஆட்கொண்டிருந்தது நம்முடைய வாத்தியங்களின் நாதம் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. அவருடைய மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிக்கத் தெரிந்தவர்.

மத்தளம், தம்பட்டம் போன்ற தோல் வாத்தியங்களில் ஸ்வரம் இனிமையாகச் சேராது என்பது மேல்நாட்டுச் சித்தாந்தம். சித்தாந்தம் பொய்யும் அல்ல. ஒரே சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால், ஆதார சுருதியைப் போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாத சத்தங்கள்தான் எழும்பும். ஆனால் மிருதங்கம் சுருதியோடு சேர்ந்து பாடுகிறதே! நம் ஊரில் அதைக் கேட்காத காது ஏது?

ராமன் 1920-ல் இதைப் பற்றி 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். பின்னால் இன்னும் விரிவாக எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினார். அதிராத இடங்களில் மணல் கோடு கோடாக ஒதுங்கி நின்றது. எந்தெந்த விதமாகத் தோல் அதிர்கிறது என்று கண்ணுக்கு முன்னால் கோலம் போட்டது போல் தெரிந்துவிட்டது! நடுவில் அப்பியிருக்கும் கரணையின் பாரத்தால் அந்த ஒட்டாத சத்தங்கள் இடம் மாறி, 1, 2, 3, 4, 5 என்று சுருதி சேர்ந்த வரிசையில் வந்து அமர்கின்றன என்று காட்டினார். சோறும் கற்பொடியும் சேர்த்துப் பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடியும் அப்பும் கைவினைஞர்கள் எந்தச் சூத்திரமும் படிக்காமலே, காதையே துணையாகக் கொண்டு கண்ட வித்தை அது.

இதைவிட ரசமான சோதனை ஒன்றை உங்கள் வீட்டிலேயே செய்யலாம்; தம்பூரா இருந்தால் போதும். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல் ஸ்வரங்கள் சத்தத்தில் இரா என்பது பழைய விதி. அதாவது, தந்தியின் சரிபாதியில் மீட்டினால் மேல் ஷட்ஜம் கேட்கக் கூடாது. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே 'ஜீவா' என்று ஒரு சின்ன நூலைச் செருகுகிறோம் அல்லவா? அந்த நூலை எடுத்துவிட்டுச் சரிபாதியில் மீட்டிப் பாருங்கள். விதி சொன்னபடி நாதம் மொட்டையாக இருக்கும். நூலைச் செருகிச் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொண்டு, அதே இடத்தில் மீட்டுங்கள். இல்லையென்று விதி சொன்ன மேல் ஸ்வரம் ரீங்காரமிட்டுக்கொண்டு வரும்! ராமன் 1921-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துச் சொன்னது. தந்தி, வளைவான குதிரையின் மேல் தொட்டுத் தொட்டு விலகுவதுதான் காரணம். காலணா நூல் ஒன்று பெரிய பெரிய பண்டிதர்களின் விதிக்கு எல்லை கட்டிவிட்டது.

கண் கொடுக்கும் லஞ்சம்

"பார்த்தீர்களா! காதுதான் ஜயித்தது" என்று உடனே கை தட்டிவிடாதீர்கள். காதின் மேலும் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அது லஞ்சம் வாங்கும்.

அமெரிக்காவில் எடிசனின் கம்பெனியார் 1915-ம் வருஷம் முதற்கொண்டு ஊர் ஊராக ஒரு வேடிக்கை நடத்தினார்கள். மேடையிலே ஒரு பாடகி. பக்கத்தில் கிராமபோன் பெட்டி. அம்மாள் பாடிக்கொண்டே இருப்பார்; விளக்கு அணையும்; மறுபடி விளக்கு எரியும்போது பார்த்தால் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும்! எப்போது குரல் நின்றது, எப்போது பெட்டி தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை என்று ஜனங்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அந்தக் காலத்துத் தட்டுக்களை இன்று கேட்டால் இரைச்சலுக்கு நடுவில் குரலைத் தேட வேண்டியிருக்கிறது. பின் எப்படி ஏமாந்தார்கள்? பாடகிகள் பெட்டியின் அளவுக்குத் தங்கள் குரலை அடக்கிக்கொண்டு பாடியதும் ஒரு காரணம் என்று பின்னால் தெரியவந்தது. ஆக, 'கேட்டுப் பார்த்தேன்' என்றால் மட்டும் போதாது. கேட்ட விதம் நேர்மையாக இருந்ததா என்பதும் முக்கியம்.

காதுக்கு லஞ்சம் கொடுப்பது முக்கியமாகக் கண். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு நிபுணர்கள் 1994-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சில ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்கச் செய்து மார்க் போடச் சொன்னார்கள். பிறகு திரையை விலக்கிவிட்டு, அதே பெட்டிகளுக்கு மறுபடியும் மார்க் போடச் சொன்னார்கள். மார்க் மாறிவிட்டது! பெரிதாய், பகட்டாய் இருந்தவை ஏறின. விலை குறைந்த சின்னப் பெட்டி இறங்கியது. பெட்டி மாறவில்லை, பாட்டு மாறவில்லை, கண் மட்டும் திறந்தது. கேட்டவர்களோ விஷயம் தெரிந்தவர்கள்.

கடையில் இன்னொரு லஞ்சமும் உண்டு. இரண்டு பெட்டிகளில் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். சத்தம் குறைந்தால் கனத்த ஒலிகள் நம் காதில் அதிகமாக மங்கிப் போகும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே, ஒரு பிடி சத்தம் கூட வைத்தால் போதும், அதே பெட்டி 'ஆஹா, என்ன கம்பீரம்!' என்று தோன்றிவிடும்.

காதை நம்பலாம், ஆனால் கண்ணைக் கட்டிய காதைத்தான் நம்பலாம். வழக்கின் தீர்ப்பே இதுதான்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

இனி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் நடத்தக்கூடிய பரீட்சையைச் சொல்கிறோம். வேண்டிய சாமான்கள்: சோதிக்க வேண்டிய இரண்டு பெட்டிகள் (அடுத்த வீட்டில் ஒன்றை இரவல் வாங்கலாம்), ஒரு மெல்லிய வாயில் புடவை, ஒரு ரூபாய் நாணயம், பென்சில், காகிதம்.

1. பெட்டிகள் இரண்டையும் ஒன்றையொன்று ஒட்டி வையுங்கள். ஒன்று மூலையிலும் ஒன்று நடுவிலும் இருந்தால் நியாயமாகாது. சுவர் மூலையில் வைத்த பெட்டியில் கனத்த சத்தம் தானே கூடிவிடும்.

2. முன்னால் வாயில் புடவையைத் திரையாகக் கட்டுங்கள். பட்டுப்புடவை வேண்டாம், கனமான துணி மெல்லிய ஓசைகளை விழுங்கிவிடும்.

3. சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒரே சீரான தம்பூரா சுருதியை இரண்டிலும் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் கைப்பேசியை வைத்து, ஒலி அளக்கும் செயலியில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் வரை திருகுங்கள். இதைச் செய்யாத பரீட்சை பரீட்சையே அல்ல.

4. உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றை எடுங்கள். புதுப் பாட்டு வேண்டாம். அரை நிமிஷத்துக்கு மேல் போட வேண்டாம்; நாதத்தின் ஞாபகம் சீக்கிரம் கலைந்துவிடும்.

5. முதலில் எது 'அ', எது 'ஆ' என்று சொல்லிவிட்டு இரண்டையும் கேட்கச் செய்யுங்கள். பிறகு திரைக்குப் பின்னால் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் 'அ', பூ விழுந்தால் 'ஆ' என்று போட வேண்டும். அவர் வாயைத் திறக்கக் கூடாது; சிரிக்கவும் கூடாது! கேட்பவர் எது என்று எழுத வேண்டும். இப்படிப் பத்துத் தடவை.

பத்துக்கு ஐந்து, ஆறு சரியாக இருந்தால் அது குருட்டாம்போக்கு. நாணயமே அவ்வளவு மார்க் வாங்கும். ஒன்பதோ பத்தோ சரியாக இருந்தால் மதிக்கத்தான் வேண்டும்; வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி வருவது நூற்றுக்கு ஒரு தடவைதான். வித்தியாசம் நிஜமாகவே கேட்கிறது என்று தெரிந்த பிறகு, எது பிடிக்கிறது என்ற கேள்விக்கு வாருங்கள். பெட்டியின் பெயரையும் விலையையும் கடைசியில் சொல்லலாம்.

மைத்துனரின் ஒஸ்திக் கம்பியையும் இதே திரைக்குப் பின்னால் அனுப்புங்கள். ஒரே பெட்டி, இரண்டு கம்பி. பத்துக்கு ஒன்பது அவர் சொல்லிவிட்டால் வாங்கிக் கொடுத்துவிடலாம். 2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்பவர், விலை மிகுந்த ஒரு கம்பியை இப்படிக் கண்ணை மறைத்து அடையாளம் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். பெரிய வாக்குவாதம் எழுந்தது. கடைசியில் என்ன ஆயிற்று? சோதனை நடக்கவே இல்லை!

செலவில்லாத சோதனை ஒன்றும் இருக்கிறது. பெட்டியை மூலையிலிருந்து இரண்டு முழம் வெளியே இழுத்து வைத்துக் கேளுங்கள். வெறுந்தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்துக் கேளுங்கள். கையைத் தட்டினால் 'டங்'கென்று எதிரொலிக்கும் அறையில் எந்தப் பெட்டியும் கத்தத்தான் செய்யும். புதுப் பெட்டி செய்யாத காரியத்தைப் பழைய ஜமக்காளம் செய்துவிடுவது உண்டு.

கணக்குக்கும் ஒரு நாற்காலி

இவ்வளவும் சொன்னதால் கணக்கைத் தெருவில் நிறுத்திவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பொய் சொல்கிற பெட்டியைப் பிடிக்க அதைப்போல் போலீஸ்காரர் கிடையாது. '5000 வாட்' என்று தங்க எழுத்தில் எழுதிய பிளாஸ்டிக் பெட்டி கடையில் பளபளக்கிறது. அதைச் செருகுவது வீட்டில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில். நம் மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1380 வாட். அதற்கு மேல் அந்த பிளக் கொடுக்காது. ஓயாமல் பாடுவதற்கு 5000 எங்கிருந்து வரும்? பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துச் சீட்டைப் படியுங்கள்; 60 வாட், 80 வாட் என்று சின்ன எழுத்தில் உண்மை உட்கார்ந்திருக்கும். இன்னொன்று: வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, கொஞ்சம்தான் கூடும். இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதற்குச் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். பிள்ளையாண்டானுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வீட்டில் பாட்டி இருந்தால், பரீட்சையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். வயது ஏற ஏறக் காதில் முதலில் தேய்வது உயர்ந்த, மெல்லிய ஓசைகள். 'ச', 'ஸ' போன்ற எழுத்துக்கள் அதில்தான் இருக்கின்றன. 'வார்த்தை புரியவில்லை' என்று பாட்டி சொன்னால் அது முணுமுணுப்பு அல்ல. எந்தப் பெட்டியில் வார்த்தை தெளிவாக விழுகிறது என்று அவர் காதைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் பாட்டுக் கேட்கப் போவது விளம்பரம் எழுதியவர் அல்லவே; பாட்டிதானே?

ஆகையால், அடுத்த தடவை கூடத்தில் வாட்டும் கம்பியும் முழங்கினால், நீங்கள் வாதத்தில் இறங்க வேண்டாம். பேசாமல் அலமாரியைத் திறந்து ஒரு வாயில் புடவையை எடுத்து வாருங்கள். பத்து ஆட்டமும் முடிந்து காகிதத்தைக் கூட்டிப் பார்க்கும் வரையில், கடைக்காரருக்கு ஒரு பைசா முன்பணம் போகக் கூடாது!